மாவு ஏற்றிய சரக்குப் பெட்டி

புதிதாக வாங்கிய கையடக்க மாதிரி ரயில் பெட்டியை நிஜம் போலப் பழசாக்க நான் எழுதிவைத்திருந்த வரிசை இது: கழுவுதல், அடிப்பூச்சு, துரு, மழைநீர்க் கோடுகள், புழுதி, கடைசியாக எல்லாவற்றையும் பிடித்து நிறுத்தப் பளபளப்பில்லாத வார்னிஷ். அலுவலகத்தில் இயந்திரப் பராமரிப்பும் இப்படித்தான். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு டிக்.

ஞாயிற்றுக்கிழமை சிங்கப்பூர் ஆங் மோ கியோவில், மாதிரி ரயில் ஓட்டும் எங்கள் குழுவின் கண்காட்சி. ஆளுக்கொரு சரக்குப் பெட்டி கொண்டுவந்து ஒரே ரயிலாகக் கோப்பார்கள். பொம்மை போல மினுங்கும் பெட்டிக்கு அதில் இடமில்லை. குழுவில் புதிதாகச் சேர்ந்த எனக்கு, என் பெட்டியும் அதில் ஓடியாக வேண்டும்.

அம்மாவுக்கு இது பிடிபடவே இல்லை. துரு நிறத்தைப் பஞ்சால் ஒற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் வந்து நின்றார்.

“காசு குடுத்துப் புதுசா வாங்கி நீயே அழுக்காக்குற. வீட்டைத் துடைன்னா மட்டும் உனக்கு நேரம் இருக்காது.”

துரு நன்றாகவே வந்தது. முதலில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் வைத்து, பெட்டிக்கு அம்மை போட்டது போலாகிவிட, துடைத்துவிட்டு போல்ட்டுகளைச் சுற்றி மட்டும் வைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாலை மழை விட்டதும், செங்காங் வீட்டு வாசல் தாழ்வாரத்தில் வார்னிஷ் அடித்தேன். சற்று நேரத்தில் பெட்டி முழுக்க வெள்ளையாக மூடிக்கொண்டது. காற்றிலிருந்த ஈரம் வார்னிஷில் மாட்டிக்கொண்டுவிட்டது. நான் படித்த குறிப்புகள் எல்லாம் குளிர்நாட்டுக்காரர்கள் எழுதியவை. என் வரிசையிலும் ஈரக்காற்று இல்லை.

அம்மா குனிந்து பார்த்தார். “தேக்கா மாவு மில்லுக்குப் போய்ட்டு வந்த மாதிரி இருக்கு.”

கேலிதான். ஆனால் நான் யோசிக்கத் தொடங்கினேன். மாவு எங்கே ஒட்டும்? கதவோரம், கைப்பிடி, மூட்டை இறக்கும் விளிம்பு. கூரையில் நிற்காது, மழை கழுவிவிடும்.

மறுநாள் நல்ல வெயில். கதவை மட்டும் டேப்பால் மறைத்துவிட்டு, மெல்லியதாக இன்னொரு முறை அடித்தேன். மற்ற இடங்களில் வெள்ளை கரைந்து துரு திரும்ப வந்தது. டேப்பை எடுத்தால் கதவைச் சுற்றி ஸ்கேல் வைத்து இழுத்த மாதிரி ஒரு கோடு. சாக்பீஸ் தூளை உலர்ந்த தூரிகையால் தட்டி அதைக் கலைத்தேன்.

ஞாயிறன்று அம்மாவும் வந்தார். ரயிலைக் கோக்கும் அங்கிள் என் பெட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, என்ன சரக்கு என்று ஆங்கிலத்தில் கேட்டார். நான் வாய் திறப்பதற்குள், “கோதுமை மாவு” என்றார் அம்மா தமிழிலேயே. நான் மொழிபெயர்த்தேன். அவர் தலையாட்டி, எண்ணெய் டேங்கர் பெட்டிக்குப் பின்னால் அதை மாட்டினார்.

ரயில் எங்களைக் கடந்து சுற்றி வந்தது. அம்மா கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

“கதவுகிட்ட இன்னும் கொஞ்சம் அழுக்கு வச்சிருக்கலாம்லா.”