தங்கை தேறியதாக நான் சொன்னது

என் தங்கை நர்ஸ் பரீட்சையில் தேறவில்லை என்று தெரிந்த பிறகும், தேறிவிட்டாள் என்று ஊரில் சொன்னவன் நான். அவள் என்னைச் சொல்லச் சொல்லவில்லை. நான் சொல்லும்போது அவளுக்குத் தெரியவும் தெரியாது. பிறகு அந்தப் பொய் வெளியே வராமல் இருப்பதற்காக, அவள் மறுபடி படிக்க வேண்டிய இடத்துக்குப் போகவிடாமல் தடுத்தேன். இதை எழுதலாமா என்று போன மாதம் போனில் அவளிடம் கேட்டேன். "எழுது. யாரு பேரும் போடாத" என்றாள். அதற்குப் பிறகு இங்கே மழை உண்டா என்று விசாரித்தாள்.

எழுபதுகளின் பின்பாதி அது. அப்பா இல்லை. நான் சங்கரன்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். தங்கை பள்ளிப் படிப்பை முடித்ததும் அவளைத் திருநெல்வேலியில் நர்ஸ் பயிற்சியில் சேர்த்துவிட்டேன். எங்கள் சொந்தத்தில் யாரும் பெண்ணை அந்த வேலைக்கு அனுப்பியதில்லை. கண்டவன் மலத்தையும் மூத்திரத்தையும் அள்ளுவதற்கா நம் வீட்டுப் பிள்ளை என்று பெரியப்பா கேட்டார். அவர்தான் குடும்பத்துக்குப் பெரியவர். வயல் குத்தகையிலிருந்து கல்யாணம் வரைக்கும் அவர் சொல்லுக்கு மேலே பேச்சு கிடையாது. நான் பேசினேன். பட்டப்படிப்பு படித்த திமிரில் நிறையவே பேசினேன். பயிற்சி முடிந்ததும் அவள் அரசாங்க ஆஸ்பத்திரியில் வெள்ளைச் சேலை கட்டி நிற்பதை எல்லாரும் வந்து பாருங்கள் என்று ஒரு கல்யாண வீட்டுப் பந்தியில் வைத்துச் சொன்னேன்.

பயிற்சி முடிந்தது. கடைசிப் பரீட்சை எழுதிவிட்டு அவள் வீட்டுக்கு வந்தாள். அந்தப் பரீட்சையில் தேறினால்தான் நர்ஸ் என்று பதிவு செய்வார்கள். பதிவு இருந்தால்தான் வேலை. முடிவைப் பயிற்சிப் பள்ளியின் பலகையில் ஒட்டுவார்கள். பார்த்துவரப் போனேன். மற்ற எல்லாவற்றிலும் தேறியிருந்தாள். பிரசவம் பார்க்கும் பாடத்தில் மட்டும் இல்லை. பயிற்சிப் பள்ளியில் பாடம் நடத்தும் டியூட்டர் அம்மா என்னைக் கூப்பிட்டு, பயப்பட ஒன்றுமில்லை, ஆறு மாதத்தில் மறுபரீட்சை வரும், அதுவரை பிள்ளையை ஹாஸ்டலில் கொண்டுவந்து விடுங்கள், கீழ் வகுப்புப் பிள்ளைகளோடு பிரசவ வார்டில் வேலை பார்க்கட்டும் என்றார். சரி என்று தலையாட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் இறங்கியபோது பெரியப்பா வெற்றிலைக் கடையில் நாலைந்து பேரோடு நின்றுகொண்டிருந்தார்.

"என்னல, போன காரியம் என்னாச்சு?" என்றார்.

"பாஸ் பெரியப்பா" என்றேன்.

அதைச் சொல்ல வேண்டும் என்று வழியில் நான் யோசித்து வைத்திருக்கவில்லை. ஆனால் வாய் தவறியும் சொல்லவில்லை. அந்த நாலைந்து பேர் முகத்தையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

வீட்டில் அம்மா இல்லை. களையெடுப்பு நடக்கிறது என்று வயலுக்குப் போயிருந்தாள். தங்கை அடுப்படியில் உளுந்து களைந்துகொண்டிருந்தாள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். எந்தப் பாடம் என்று கேட்டாள். சொன்னேன். கையை உளுந்துத் தண்ணீரிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பஸ் ஸ்டாண்டில் நடந்ததை அடுத்து எப்படிச் சொல்வது என்று நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோதே வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. பெரியப்பா லட்டுப் பொட்டலத்தோடு உள்ளே வந்தார்.

"ஏட்டி, நம்ம குடும்பத்துக்கே நீதாம்ட்டி முத நர்ஸு. நான் அன்னைக்குப் பேசினதையெல்லாம் மனசுல வச்சுக்கிடாத" என்று சொல்லி ஒரு லட்டை எடுத்து அவள் கையில் கொடுத்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். ஈரக் கையில் அந்த லட்டு கரைந்து ஒட்டியது. பிறகு அதைத் தின்றாள். முழுவதையும் தின்றாள். அவர் போனதும் மிச்ச உளுந்தைக் களைந்து உரலில் போட்டாள்.

அவள் அழுதிருந்தால் நான் அன்றைக்கே பெரியப்பா வீட்டுக்கு ஓடியிருப்பேனோ என்று பல தடவை நினைத்திருக்கிறேன். அப்படி நினைப்பதும் பழியை அவள் மேல் போடுவதுதான்.

அவள் தேறினால் அம்பாளுக்கு மாவிளக்கு போடுவதாக அம்மா நேர்ந்திருந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமையே மாவு இடித்து, வெல்லம் சேர்த்துப் பிசைந்து, நடுவில் குழித்து நெய் ஊற்றித் திரி போட்டு, கோமதியம்மன் சன்னதியில் ஏற்றினாள். தட்டைத் தங்கைதான் ஏந்தி வந்தாள். அம்மா அவள் நெற்றியில் கோயில் பிரசாதமான புற்றுமண்ணைப் பூசிவிட்டாள். நான் பக்கத்தில் நின்று கும்பிட்டேன். அம்மாவிடம் அப்போதாவது சொல்லியிருக்கலாம்.

அவளை ஹாஸ்டலுக்கு அனுப்புவதைப் பற்றி யோசித்தேன். கீழ் வகுப்பில் எங்கள் ஊர்ப் பக்கத்துப் பெண் ஒருத்தி படித்தாள். தேறியவள் எதற்குத் திரும்பி வந்திருக்கிறாள் என்று அவள் ஒரு வார்த்தை வீட்டில் சொன்னால் போதும். எனவே டியூட்டர் அம்மாவிடம் போய், அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, தங்கை வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சார், இது வீட்டுல இருந்து படிக்கிற பாடம் இல்ல" என்றார். நான் வாத்தியார். பரீட்சை என்றால் எனக்குக் கேள்வித்தாள்தான். பழைய கேள்விகளைச் சேர்த்து, வரக்கூடியதைத் தேர்ந்து, நானே பதில் எழுதிக் கொடுத்து அவளை மனப்பாடம் செய்ய வைத்துவிடலாம் என்று நம்பினேன். என் பள்ளிக்கூடத்துப் பையன்களை அப்படித்தான் கரை சேர்த்துக்கொண்டிருந்தேன்.

ஊருக்கு அவள் தேறியவள், வேலைக்கான ஆர்டருக்குக் காத்திருக்கிறவள். அதனால் படிப்பதை யாரும் பார்க்கக் கூடாது. நெல் மூட்டை அடுக்கியிருந்த உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தாள். கோடையில் அந்த அறைக்குள் நிற்க முடியாது. வெளியே வரும்போது ரவிக்கை நனைந்திருக்கும். பிள்ளையின் தலை எப்படித் திரும்பி வெளியே வருகிறது என்று பழகுவதற்காக, அடி பிய்ந்த ஓலைக் கடகப்பெட்டி ஒன்றையும் பழந்துணியைச் சுருட்டிக் கட்டிய பொம்மை ஒன்றையும் வைத்திருந்தாள். அம்மா ஒரு நாள் அதைப் பார்த்துவிட்டு, கல்யாண ஆசை வந்துவிட்டது போல என்று சிரித்தாள். தங்கையும் சிரித்தாள். அந்த மாதங்களில் அவள் சிரித்தது எனக்கு ஞாபகம் இருப்பது அந்த ஒரு தடவைதான்.

தெருவில் காய்ச்சல் என்றால் ஊசி மருந்தை வாங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார்கள். பதிவு இல்லாமல் ஊசி போடக் கூடாது என்பதில் அவள் உறுதியாக இருந்தாள். காரணத்தைச் சொல்ல முடியாது. ஊசியைக் கொதிக்க வைக்கிற பாத்திரம் இல்லை, ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்பாள். பின்தெருவில் தறி ஓட்டும் குடும்பத்தில் மருமகளுக்கு இடுப்புவலி கண்டதும் மாமியார் வந்து கூப்பிட்டாள். தங்கை போகவில்லை. வண்டி பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னாள். கொண்டுபோனார்கள், தாயும் பிள்ளையும் நன்றாக இருந்தார்கள். ஆனால் அந்த மாமியார் எங்கள் வாசலில் நின்று, "நர்ஸம்மா தெருவுல இறங்கினா சேலை அழுக்காயிருமோ?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு ராங்கிக்காரி என்ற பெயர் தங்கைக்கு நிலைத்துவிட்டது. அவள் காதுக்கும் அது வந்தது. சோறு போடும்போது என்னிடம் குழம்பு வேண்டுமா என்று மட்டும் கேட்பாள்.

ஆர்டர் விஷயமாகப் போகிறோம் என்று அம்மாவிடம் சொல்லிவிட்டு மறுபரீட்சைக்கு அழைத்துப் போனேன். எழுத்துத் தாளில் நான் கொடுத்த கேள்விகளே பாதிக்கு மேல் வந்திருந்தன. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. மறுநாள் செய்முறை. சாயங்காலம் அவள் வெளியே வந்தபோது கேட்டேன்.

"வார்டுல மாசமா இருக்கிற ஒருத்தியப் படுக்க வச்சிருந்தாவ. பிள்ளை எப்படிக் கிடக்குன்னு தொட்டுப் பார்த்துச் சொல்லணும்" என்றாள். "வயித்துல கைய வச்சேன். கைக்கு ஒண்ணும் தெரியல. பிள்ளை அசையுது. எது தலை, எது முதுகுன்னு தெரியல. அந்தப் பொம்பள என் மூஞ்சியவே பாத்துக்கிட்டு கிடந்தா."

ஆறு மாதம் ஒரு கர்ப்பிணியைக்கூடத் தொடாத கை. இரண்டாவது முறையும் அவள் தேறவில்லை.

முடிவு வந்த சமயத்தில்தான் சிவகிரியிலிருந்து பெண் கேட்டார்கள். அரசாங்க வேலைக்குப் போகப்போகிற பெண் என்பதற்காகவே கேட்டார்கள். பெரியப்பா வீட்டில் பேச்சு நடந்தது. மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் நடுக்கூடத்தில் உட்கார்ந்திருக்க, ஆர்டர் எந்த ஊருக்கு வரும் என்று மாப்பிள்ளையின் தாய்மாமா என்னைக் கேட்டார். இதற்கு மேல் போகக் கூடாது என்று தோன்றியது. நான் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவள் தேறவில்லை, இரண்டு தடவை தேறவில்லை, தேறினாள் என்றது என் பொய், அவளுக்கு அதில் பங்கில்லை என்றேன். என் வாழ்க்கையில் முதன்முதலாக நேர்மையாக நடந்துகொண்டதாக எனக்கு நினைப்பு.

சிவகிரிக்காரர்கள் காபியைக் குடித்து முடித்துவிட்டுக் கிளம்பினார்கள். பெரியப்பா என் தோளில் கை வைத்தார்.

"நீ சபையில ஒத்துக்கிட்டேல்லா, அதுதாம்ல ஆம்பளைக்கு அழகு. அவ அழுது உன்னயப் பாஸுன்னு சொல்ல வச்சிருப்பா. பாசத்துல சொல்லிட்ட" என்றார்.

அப்படி இல்லை என்றேன். திரும்பத் திரும்பச் சொன்னேன். சொல்லச் சொல்ல, தங்கையைக் காப்பாற்றப் பார்க்கிறான் என்றுதான் அது அவர்களுக்குப் பட்டது. ஒரு வாரத்தில் தெருவெங்கும் அதே கதை. தேறாமலேயே நர்ஸ் என்று ஊரை ஏமாற்றினவள்; ஊசி போடத் தெரியாததால்தான் ராங்கி பண்ணியிருக்கிறாள். என்னைப் பற்றியோ, தங்கைக்காகத் தலை குனிந்தவன் என்று பேசினார்கள். பள்ளிக்கூடத்தில் சக வாத்தியார் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அம்மா என்னிடம் கேட்டது ஒன்றுதான். "அப்போ அன்னைக்கு விளக்கு போட்டது எதுக்குல?" அதற்குப் பிறகு அவள் யாருக்காகவும் எதையும் நேர்ந்துகொண்டதாகத் தெரியவில்லை.

தங்கையிடம் நான் மன்னிப்புக் கேட்டேன். கொடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"பாஸுன்னு சொல்லும்போதும் என்ட்ட கேக்கல. பெயிலுன்னு சொல்லும்போதும் என்ட்ட கேக்கல" என்றாள். குரலில் கோபம் இல்லை. "ஹாஸ்டல்ல கொண்டுபோய் விடு. இப்ப தெரிஞ்சா என்ன?"

கொண்டுபோய் விட்டேன். டியூட்டர் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, அவளைச் சேர்த்துக்கொள்ளும்படி கெஞ்சினேன். அவர் நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளாமல் தங்கையிடம், "நாளைக்குக் காலையில டியூட்டி. நகத்த வெட்டு" என்றார். தன்னைவிடச் சின்னப் பெண்களோடு, அவர்கள் படுக்கும் அறையிலேயே, கதவோரத்துக் கட்டிலில் அவளுக்கு இடம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் போய்ப் பார்ப்பேன். வாசல் கேட்டுக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவள். அவளைச் சுற்றி டெட்டால் வாடை வீசும். அதிகம் பேசமாட்டாள். ஒரு தடவை மட்டும் தானாகவே சொன்னாள்: "இப்ப கைக்குத் தெரியுது."

அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமை போனபோது, மூன்றாவது தடவை எழுதிய பரீட்சைக்கு முடிவு வந்துவிட்டது, பாஸ் என்றாள். உடனே ஊருக்குப் போய் பெரியப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று எனக்குப் பரபரத்தது. அது என் முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"ஊர்ல சொல்லாத" என்றாள். "அம்மாட்ட நான் சொல்லிக்கிடுதேன். வேற யாரு கேட்டாலும் நீ வாயத் தொறக்கக் கூடாது. சொல்லணும்னா நான் சொல்லுவேன்."

சரி என்றேன். அவள் சொல்லவே இல்லை. வெளி மாவட்டத்தில் வேலை கிடைத்துப் போனாள். அங்கேயே ஒரு ஆஸ்பத்திரிக் கம்பவுண்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். எங்களுக்கு முன்கூட்டித் தெரிவித்தாள், அவ்வளவுதான். ஊரில் அவளைப் பற்றிக் கேட்பவர்களிடம் நலமாக இருக்கிறாள் என்று மட்டும் சொல்வேன். ஏதோ ஆஸ்பத்திரியில் பாத்திரம் கழுவுகிறாளாம் என்று எங்கள் சொந்தத்தில் பேச்சு உண்டாயிற்று. அது பரவுவதை வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். நான் வேறு எதையும் அவளுக்காக இவ்வளவு சிரமப்பட்டுச் செய்ததில்லை.

சில வருஷங்கள் கழித்துப் பெரியப்பா இறந்தார். தங்கை அழுதுதான் என்னைப் பொய் சொல்ல வைத்தாள் என்றே கடைசி வரை அவர் நம்பினார். தங்கை வந்திருந்தாள். சுடுகாட்டிலிருந்து நான் திரும்பி வந்தபோது, பெண்கள் குளித்துவிட்டு வந்து உட்கார்ந்திருந்த இடத்தில் சித்தி ஒருத்தி, தங்கை பக்கத்தில் இருக்கும்போதே என்னிடம் கேட்டாள்: "உன் தங்கச்சி கடைசி வரைக்கும் பாஸே பண்ணலியாம்லா?"

நான் தங்கையைப் பார்த்தேன். அவள் ஈரத் தலையை விரித்துத் துவட்டிக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. சித்தி 'ச்சு' கொட்டிவிட்டு வேறு பேச்சுக்குப் போனாள்.

சாயங்காலம் அவளைப் பஸ் ஏற்றிவிடப் போனேன். பஸ் வர நேரமிருந்தது. இரண்டு பேரும் டீ குடித்தோம்.

"சித்திட்ட சொல்லிரணும்னு இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன்.

"ரொம்பவா?"

"ரொம்ப."

"ம்" என்றாள். டம்ளரில் அடியில் கிடந்த சர்க்கரையைச் சுழற்றிக் குடித்தாள். பஸ் வந்ததும் பையை என்னிடம் கொடுத்துவிட்டு முதலில் ஏறிக்கொண்டாள். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாள். பையைக் கொடுத்தேன்.