எதிர்முனையில் நின்றவர்

சென்னிமலையில் பெட்ஷீட் மடிக்கும் குடோனில் நான் சூப்பர்வைசர். இருவர் எதிரெதிரே நின்று, ஆளுக்கு இரண்டு முனை பிடித்து, நடந்து வந்து சேர்த்து மடிப்பதுதான் எங்கள் வழக்கம்.

ஒருநாள், முப்பது வயதிருக்கும் ஒருவரை அவருடைய அக்கா வேலைக்குக் கூட்டிவந்தார். நெடுநெடுவென்ற உயரம், கழுத்துவரை பட்டன் போட்ட சட்டை. எதையும் தொடங்குமுன் தொடையில் மூன்று முறை தட்டிக்கொள்வார்.

"ஆட்டிசமுங்க. எல்லாம் புரியும். பார்த்து அதே மாதிரி செய்யறதுதான் வராதுங்க," என்றார் அக்கா.

எனக்கோ வேறு விதமாகச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. "என்னையப் பாருங்க" என்று பத்துத் தடவை செய்துகாட்டினேன். அவர் கைகள் பாதியிலேயே நின்றன. கடைசியில் அதட்டிவிட்டேன்: "பார்க்கறீங்களா, இல்லீங்களா?"

"பார்க்கறேனுங்க," என்றார். "எனக்குத் தெரியுதுங்க. கைக்குத்தான் தெரியல."

வெட்கத்தோடு எதிர்முனையைப் பிடித்து மெல்ல இழுத்தேன். துணி இழுத்த பக்கம் அவர் கைகள் வந்தன, அருமையாக மடித்தார். நான் விட்டதும் மறுபடி நின்றுவிட்டன. எண்ணிக்கைக்குத்தான் கூலி என்பதால், நாளெல்லாம் அப்படி மெல்ல இழுத்துக்கொடுத்து அவரோடு ஜோடி நிற்க யாரும் வரவில்லை. ஜோடி நிற்பவருக்கு நாள்கூலி தரச்சொல்லி முதலாளியிடம் கேட்டுப்பார்த்தேன், நடக்கவில்லை.

மூன்றாம் நாள் அக்கா கூட்டிப்போனார். நான் கையசைத்தேன். கேட்டருகே நின்று அவர் தொடையில் தட்டிக்கொண்டார். பிறகு உள்ளங்கையைத் தன் முகத்துக்கு நேரே திருப்பி ஆட்டினார். கூப்பிடுகிறார் என்று ஓடினேன்.

"டாட்டா காட்டறானுங்க," என்றார் அக்கா. "நீங்க கையாட்டினப்ப உங்க உள்ளங்கைதானுங்க அவன் பக்கம் தெரிஞ்சுது. அதே மாதிரி உள்ளங்கையைத் தன் பக்கம் பார்த்து ஆட்டறான்."

நானும் உள்ளங்கையை என் பக்கம் திருப்பி ஆட்டிக்கொண்டு நின்றேன்.