எட்டாத காது

எங்கள் ஊரில் என் வயதுக்காரர்களில் பாதிப் பேர் ஜூன் மாதத்தில் பிறந்தவர்கள். பிறந்தது என்னவோ தையிலோ ஐப்பசியிலோதான். ஆனால் பள்ளிக்கூடம் ஜூனில் திறக்கும், அதனால் பெரிய வாத்தியார் கேள்வி கேட்காமல் எல்லோருக்கும் ஜூன் மாதத்தையே எழுதிவிடுவார். பெற்றவள் ஒரு நாள் பெற்றிருப்பாள், வாத்தியார் இன்னொரு நாள் பெற்றுவிடுவார். இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்திருக்கிறோம். இப்போது எனக்கு இதில் சிரிப்பு வருவதில்லை.

பெரம்பலூருக்கும் அரியலூருக்கும் நடுவில், சுண்ணாம்புக்கல் லாரிகள் புழுதி கிளப்பிக்கொண்டு போகிற சாலையோரத்தில் இருக்கிறது ஊர். மேலத்தெருவில் நிலம் வைத்திருப்பவர்கள். அவர்களைக் காட்டுக்காரர்கள் என்போம். சாலைக்கு இந்தப் பக்கம் எங்கள் காலனி. அவர்கள் காட்டில் பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் விளையும். களை பறிக்கவும் காய் எடுக்கவும் நாங்கள் போவோம். தம்பி வயிற்றில் இருந்தபோது போர்வெல் லாரியோடு வடக்கே போன அப்பா, போனவர் போனவர்தான். அம்மா ஒரே காட்டுக்காரர் வீட்டில் வருஷம் முழுக்க வேலை பார்த்தாள்.

அந்த வீட்டுப் பையனுக்கு ஒரு வயது நிறைவதற்குள் சிறுவாச்சூர் கோயிலில் மொட்டை போட்டுக் காது குத்தினார்கள். கார்த்திகை மாதத்து வெள்ளிக்கிழமை. அம்மா நிறைமாதம். அண்டா கழுவ ஆள் வேண்டுமென்று கூப்பிட்டார்கள், போனாள். என்னையும் இழுத்துக்கொண்டு போனாள். அந்தப் பிள்ளை காது குத்தும்போது வீறிட்டு அழுதது. அந்தச் சத்தத்திலேயே அம்மா இடுப்பைப் பிடித்துக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். அவர்கள் வேனிலேயே ஏற்றிக் கொண்டுவந்து விட்டார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக நேரமில்லை, வீட்டிலேயே பிரசவம். யாரும் எங்கேயும் பதியவில்லை. ஆனால் ஊருக்கே தெரியும், காட்டுக்காரர் வீட்டுப் பிள்ளைக்குக் காது குத்தின அன்றைக்குப் பிறந்தவன் என் தம்பி என்று. காலனியில் அவனைக் கொஞ்சநாள் 'காதுகுத்து' என்றே கூப்பிட்டார்கள்.

அவனுக்கு மூன்றரை வயதானபோது என் படிப்பு நிற்கிற நிலைக்கு வந்தது. அம்மா வேலைக்குப் போனால் அவனை நான்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். பால்வாடி மேலத்தெருவுக்குள் இருந்தது, டீச்சர் வந்தால் திறக்கும், வராவிட்டால் இல்லை. நான் அவனை இடுப்பில் வைத்துக்கொண்டே நான்காம் வகுப்புக்குப் போனேன். அவன் வகுப்பில் அழுவான், தூங்குவான், மூத்திரம் போவான். கொஞ்சநாள் பொறுத்துப் பார்த்த வாத்தியார் ஒருநாள் சொல்லிவிட்டார். "ஒண்ணு அவன வூட்ல வுட்டுட்டு வா, இல்ல நீயும் வூட்லயே இருந்துக்க."

அம்மா அதைக் கேட்டுவிட்டு மறுநாள் வெங்காயம் நடப் போகாமல் தம்பிக்குத் தலைசீவி, நெற்றியில் திருநீறு பூசி, பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

பிறந்த தேதி தெரியாத பிள்ளைகளுக்கு அப்போதும் ஒரு சோதனை இருந்தது. வலது கையைத் தலைக்கு மேலே போட்டு இடது காதைத் தொட வேண்டும். தொட்டுவிட்டால் ஐந்து வயது, தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. தம்பி கையைத் தலைமேல் போட்டான். விரல் காதுக்கு மேலேயே நின்றுவிட்டது. நாக்கைத் துருத்திக்கொண்டு எட்டப் பார்த்தான், எட்டவில்லை. பெரிய வாத்தியார் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம் பார்த்து அம்மா அவன் தலையை உள்ளங்கையில் பிடித்து மெதுவாகச் சாய்த்தாள். விரல் காது நுனியில் பட்டது.

"பரவால்லயே, பயலுக்குக் கை நீளந்தான்" என்றார் வாத்தியார்.

அங்கிருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். கை நீளம் என்றால் எங்கள் பக்கம் திருட்டுக் கை என்று அர்த்தம். அம்மாவும் சேர்ந்து சிரித்தாள். தம்பிக்கு மத்தியானம் ஒரு தட்டு சத்துணவு, எனக்கு என் படிப்பு, இரண்டும் ஒரே சாய்ப்பில் கிடைத்துவிட்ட சந்தோஷம் அவளுக்கு. நான் அன்றைக்கு வெறும் இடுப்போடு வகுப்பில் போய் உட்கார்ந்தேன். அப்படி உட்கார்ந்து படித்ததில்தான் இன்றைக்குப் பெரம்பலூரில் ஒரு மருந்துக் கடையில் வெள்ளைக் கோட்டுப் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

தம்பிக்குப் படிப்பு வரவில்லை. வராது. ஐந்து வயதுப் பிள்ளைகளோடு மூன்றரை வயதுப் பிள்ளையைப் போட்டு, ஏன்டா உனக்கு மட்டும் புரியவில்லை என்று பன்னிரண்டு வகுப்பும் கேட்டால் யாருக்குத்தான் வரும்? வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்கிற குட்டைப் பயல். மக்கு என்று பெயர் வாங்கினான். பிளஸ் டூவில் கணக்கில் போனது. பிறகு ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டுகிற வேலைக்குப் போனான். அதற்குள் ஆள் திடீரென்று வளர்ந்திருந்தான். கை மட்டும் வாத்தியார் வாக்குப் பலித்த மாதிரி நிஜமாகவே நீண்டுபோயிருந்தது.

காட்டுக்காரர் வீட்டுப் பையன் டவுனில் இங்கிலீஷ் பள்ளிக்கூடத்தில் படித்தான். சாயங்காலம் அறுப்பு முடிந்த சோளக்காட்டில் கிரிக்கெட் ஆடுவார்கள், அங்கே இரண்டு பேருக்கும் பழக்கம். அந்த வீட்டில் எங்களைக் கூப்பிடுவது வேலைக்கு மட்டும்தான். வேலை எதுவும் இல்லாமல், சும்மா வாடா என்று கூப்பிட்டது அந்தப் பையன் ஒருவன்தான். பெரியவர்கள் கட்டி வைத்ததைப் பிள்ளைகள் உடைக்கிறார்கள் என்று நான்கூட அப்போது சந்தோஷப்பட்டேன்.

ஆடி வெள்ளி. சிறுவாச்சூரில் கூட்டம். வேண்டுதலுக்கு வந்திருந்த ஒரு அம்மாள் பஸ்ஸுக்காகச் சாலையோரமாக நடந்து போயிருக்கிறார். அந்தப் பையன் பைக் ஓட்ட, பின்னால் உட்கார்ந்திருந்த என் தம்பி அவர் கழுத்துச் சங்கிலியை இழுத்தான். அந்த அம்மாள் இழுபட்டு விழுந்ததில் தோள் எலும்பு முறிந்துவிட்டது. கடைக்காரர்கள் ஓடிவந்து இரண்டு பேரையும் மடக்கினார்கள். ஓட்டினவனிடம், நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்கள். என் தம்பியிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை, நேராக அடித்தார்கள்.

நான் அவனுக்குப் பரிந்து பேசவில்லை. அறுத்தது அவன் கைதான். அந்த அம்மாள் எத்தனையோ நாள் கையைத் தூக்கித் தலை வாரக்கூட முடியாமல் இருந்திருப்பார். அம்மா ஆஸ்பத்திரிக்குப் போய் அவர் காலில் விழப் பார்த்தாள், அவர் மகள் உள்ளே விடவில்லை. விடாதது சரிதான். ஸ்டேஷனில் தம்பியைப் பார்த்தபோது எனக்கு வந்த ஆத்திரத்தில், ஏன்டா செய்தாய் என்று கன்னத்தில் அறைந்தேன். அவன் உதடு ஏற்கெனவே கிழிந்திருந்தது.

"சும்மாதான்க்கா. வாடான்னு கூப்பிட்டான், போனேன். உனக்குத்தான்டா கை எட்டும்னான்."

மறுநாள் பேப்பரில் போட்டிருந்தார்கள். அதில் தம்பி பெயர், ஊர், போட்டோ எல்லாம் இருந்தது. வாலிபர் கைது, அவருடன் வந்த பதினேழு வயதுச் சிறுவனிடமும் விசாரணை என்று செய்தி. அம்மாவுக்கு எழுத்துக்கூட்டத் தெரியாது, நான்தான் வாசித்தேன்.

"வாலிபர்னா யாரு?" என்று கேட்டாள்.

"நம்ம தம்பிதாம்மா."

"அப்ப சிறுவன் யாரு?"

சொன்னேன். "அவன் நடந்துக்கிட்டிருந்தப்பதான இவன் பொறந்தான்" என்றாள் அம்மா.

அந்தப் பையனுக்கு டவுனில் நர்சிங் ஹோமில் பிறந்த சர்டிபிகேட் இருந்தது. என் தம்பிக்கு வாத்தியார் கொடுத்த ஜூன் மாதம் இருந்தது. அந்தக் கணக்குப்படி அவனுக்குப் பதினெட்டு முடிந்து இரண்டு மாதம். நிஜத்தில் பதினேழுகூட நிறையவில்லை. சிறுவனைச் சிறுவர்களுக்கான இடத்துக்கும், வாலிபரைத் திருச்சி ஜெயிலுக்கும் அனுப்பினார்கள். ஊருக்கு இளைத்தவன் பிள்ளையார் கோயில் ஆண்டி என்பார்கள். இங்கே யாரும் வேண்டுமென்று அவனைத் தேடிப் பிடித்து ஆண்டியாக்கவில்லை. அவரவர் வேலையைச் சரியாகத்தான் செய்தார்கள், அதுதான் எனக்கு இன்னும் ஆறவில்லை.

வக்கீல் நல்லவர். அவரே சொன்னார். "ஸ்கூல் சர்டிபிகேட் இருக்கையில வயசு பாக்குற எலும்பு டெஸ்ட்டுக்கெல்லாம் போக மாட்டாங்கம்மா. அவன் என்னைக்குப் பொறந்தான்னு தெரிஞ்சவங்க, ஊர்ல பேர் சொன்னா எடுபடுறவங்க யாராச்சும் வந்து சொன்னா, கேட்டுப் பாக்கலாம்."

காலனியில் பத்துப் பேர் வரத் தயாராக இருந்தார்கள். பேர் சொன்னால் எடுபடுகிறவர்கள் என்றால் ஒரே வீடுதான். நானும் அம்மாவும் போனோம். அம்மா வழக்கம்போலக் கொல்லைப் பக்கமாகப் போனாள், நான் வாசல் வழியாகத்தான் போவேன் என்று நின்றேன். கடைசியில் அம்மாவோடு கொல்லைக்கே போனேன். வேலை ஆக வேண்டுமே.

காட்டுக்காரம்மா வெளியே வந்தார். அழுது அழுது அவர் முகமும் வீங்கித்தான் இருந்தது.

"காதுகுத்து அன்னைக்குப் பொறந்தான்னு ஒரு வார்த்தை சொன்னா போதும்மா" என்றாள் அம்மா. "உங்க வேன்லதான வந்தேன். நீங்கதான பழைய சீல ஒண்ணு கிழிச்சுக் குடுத்தீங்க."

"எனக்கு ஞாபகம் இல்லன்னா சொல்றேன்?" என்றார் அவர். "என் புள்ள இப்பத்தான் வூட்டுக்கு வந்திருக்கான். நான் அங்க போயி நின்னா அவன மறுபடி இழுப்பாங்க. அவங்கப்பாவுக்குத் தெரிஞ்சா என்னய வெட்டிப் போட்டுருவாரு. நீயும் பெத்தவதான, புரிஞ்சுக்க."

அம்மா புரிந்துகொண்டாள். அவள் எதைத்தான் புரிந்துகொள்ளவில்லை? திரும்பும்போது, களத்தில் காய்ந்துகொண்டிருந்த சோளத்தில் மாடு வாய் வைத்ததைப் பார்த்து ஓடிப்போய் விரட்டிவிட்டு வந்தாள். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது.

கோர்ட்டில் அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. வயசுப் பேச்சு வந்து, அரசு வக்கீல் பள்ளிச் சான்றிதழைக் காட்டியதும் பெஞ்சிலிருந்து தானாக எழுந்துவிட்டாள்.

"ஐயா, அவனுக்கு எட்டலைங்கய்யா" என்றாள். "நான்தான் தலைய சாச்சேன்."

யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. உட்காரச் சொல்லி வக்கீல் ஜாடை காட்டினார். அம்மா உட்காரவில்லை. புரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துத் தன் வலது கையைத் தலைக்கு மேலே போட்டு, இடது காதைத் தொட்டுக் காட்டினாள். தொட்டபடியே தலையைச் சாய்த்துக் காட்டினாள். "இப்பிடிங்கய்யா. அக்காக்காரி படிக்கணுமேன்னு சாச்சுட்டேன். சாய்க்கலன்னா எட்டியிருக்காதுங்க." பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். நீதிபதி கடுமையாகப் பேசவில்லை. "உக்காருங்கம்மா" என்றுதான் சொன்னார். கூண்டில் நின்ற தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அக்காக்காரி என்ற சொல் காதில் விழுந்த இடத்திலேயே நான் நின்றுகொண்டிருந்தேன்.

தண்டனை ஆகி உள்ளே இருந்தபோது மாதம் ஒருமுறை நாங்கள் திருச்சிக்குப் போவோம். முதல் தடவை போனபோது அவன் சொன்னது மனதிலேயே நிற்கிறது. "இங்க எல்லாரும் என்னய பொடியான்னுதான்க்கா கூப்பிடுறாங்க." அவன் வயதைச் சரியாகப் பார்த்த இடம் அது ஒன்றுதான். வர வர அந்தப் பெயரும் போய்விட்டது. பார்வை மாறியது, பேச்சு குறைந்தது, கையில் ஒரு வெட்டுத் தழும்பு வந்தது. எப்படி என்று கேட்டால் சொல்லமாட்டான்.

காட்டுக்காரர் வீட்டுப் பையன் இன்ஜினியரிங் முடித்து வெளிநாட்டில் இருக்கிறான். சிறு வயதில் செய்தது பிள்ளையோடு ஒட்டிக்கொண்டே வரக்கூடாது என்று சட்டம் சொல்கிறது. நல்ல சட்டம்தான், யார் இல்லை என்றது? அவன் நன்றாக இருக்கட்டும். அதே பைக்கில் பின்னால் உட்கார்ந்திருந்தவனுக்கும் அந்தச் சட்டம் கொஞ்சம் எட்டியிருக்கலாம்.

தம்பி வெளியே வந்து சில வருஷம் ஆகிறது. தார்ப்பாய் கட்டத்தான் போகிறான். ஊரில் எங்கே கோழி காணாமல் போனாலும் அவன்மேல்தான் முதல் சந்தேகம். கல்யாணப் பேச்சு எடுத்தால் எழுந்து போய்விடுவான். அவனும் அம்மாவும் அந்தப் பழைய பேச்சை ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

போன மாதம் ஞாயிற்றுக்கிழமை என் மகனைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். அடுத்த வருஷம் அவன் பள்ளிக்கூடம் போக வேண்டும். தம்பி தட்டில் சோறு போட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தான், அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள். என் மாமனார் சொல்லிக்கொடுத்திருப்பார் போல, மகன் நடுவீட்டில் நின்றுகொண்டு வலது கையைத் தலைக்கு மேலே போட்டான். நாக்கைத் துருத்திக்கொண்டு எட்டினான். விரல் காதுக்கு மேலேயே நின்றது.

நான் தடுப்பதற்குள் அவன் என் அம்மாவிடம் போய்விட்டான்.

"எட்ட மாட்டேங்குது அம்மாயி. தலைய கொஞ்சம் சாச்சு வுடேன்."

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டாள். பிள்ளை தலையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றான்.

"எட்டலன்னா வுட்டுரு மாப்ள" என்றான் தம்பி, சோற்றைப் பார்த்தபடி. பிறகு முதல்முறையாக அந்தப் பழசைத் தொட்டு அம்மாவிடம் சொன்னான். "நீ கைய முன்னால எடும்மா. கொழம்பு ஊத்து."

அம்மா கையை எடுக்கவில்லை. நான்தான் எழுந்து போய் ஊற்றினேன்.