குடைக்கார நானா செய்த கட்டைவிரல்

விறகு பிளக்கும்போது என் வலது கட்டைவிரலில் பட்ட வெட்டு சீழ் பிடித்து, தோட்டத்து மருந்துக்காரர் மேல்கணுவோடு அதை எடுத்துவிட்டார். பாதி விரல் மிச்சம். பதுளைக்கு ரயில் வருவதற்கு ரொம்ப முந்தின காலம் அது. பசறைக்கும் மடுல்சீமைக்கும் நடுவில் ஒரு தேயிலைத் தோட்டத்தில், லயத்துக் காம்பரா என்கிற வரிசைவீட்டு அறை ஒன்றில் நானும் அம்மாவும் இருந்தோம். வந்தவர்கள் எல்லாம் "பாதியாவது இருக்கே" என்று ஆறுதல் சொன்னார்கள். கொழுந்து பறிக்கிறவளுக்கு அந்தப் பாதி எதற்கு? கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் நுனியில் சந்தித்தால்தான் கொழுந்து முறியும். என் விரல் பாதி வழியிலேயே நின்றுவிட்டது.

எங்கள் கங்காணி கெட்டவர் என்று சொல்லமாட்டேன். நல்லவர் என்றும் சொல்ல வாய் வரவில்லை. "கிறிஸ்மஸ் வரைக்கும் அரைப் பேர் போடுறேன் புள்ள. அதுக்குள்ள மத்தவளுங்க மாதிரி கூடை நிறைஞ்சா சரி. இல்லாட்டி அந்தக் காம்பராவுக்கு வேற ஆளு இருக்கு" என்றார். அரைப் பேர் என்றால் அரை நாள் வேலை செய்தவள் என்ற கணக்கு. அம்மாவுக்குக் கண் மங்கி, அவள் பேரை ஏற்கெனவே வெட்டியாகிவிட்டது. என் பேரும் போனால் தலைக்கு மேல் கூரை இல்லை. நான் வெளியே வீறாப்பாகப் பேசிக்கொண்டு திரிந்தேன். உள்ளுக்குள் நடுக்கம்தான்.

பசறைக் கடைவீதியில் குடை செப்பனிடுகிற நானா ஒருவர் இருந்தார். முஸ்லிம் கடைக்காரர்களை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். இவரிடம் குடையைக் கொடுத்தால் அது திரும்பி வருவதற்குள் காது புளித்துவிடும்; பேச்சு முழுக்கத் தன் கைவேலையைப் பற்றித்தான். உடைந்த பிடிகளுக்குப் பதிலாகக் 'குட்டா' என்ற சாமானில் புதுப்பிடி வார்ப்பார். மலாய் நாட்டு மரத்தின் பால் அது. கொதிநீரில் போட்டால் ரொட்டி மாவாகக் குழையும், ஆறினால் மாட்டுக்கொம்பாக இறுகும். துரை பங்களாவுக்கு முன்னால் தடியால் அடித்துத் தொலைக்கும் வெள்ளைப் பந்தும் அதே சாமான்தான். தொலைந்த பந்துகள் தேயிலைச் செடிக்குள் கிடக்கும். கொழுந்துக்காரிகள் பொறுக்கிக் கொண்டுபோய்க் கொடுத்தால் நானா குடைக்கு ஒரு தையல் போட்டுத் தருவார்.

அப்படி நான் பந்தை நீட்டிய ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவர் பந்தை வாங்கவில்லை. என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு மாதிரிக்கு என் முழு இடது கட்டைவிரலைப் பிடித்து, விலைக்கு வந்த குடைப்பிடியைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதைச் செய்யலாம் தங்கச்சி. பதுளை வரைக்கும் போய்க் கேளு, என்னை விட்டா செய்ய ஆளில்லை" என்றார். பெருமைக்குக் குறைச்சல் இல்லாத மனிதர். அவர் சொன்னதும் உண்மைதான்.

முதலில் தேன்மெழுகில் ஒரு விரல் பிடித்து என் குறைவிரலில் மாட்டிப் பார்த்தார். அளவு சரி என்றதும் பலாக்கட்டையை இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியிலும் அந்த வடிவைக் குடைந்தார். குறைவிரலின் அளவுக்கு ஒரு முளை செதுக்கி நடுவில் வைத்தார், உள்ளே குழிவு விழுவதற்கு. குழைந்த குட்டாவை அடைத்து, திருகு போட்டு இறுக்கி, தண்ணீரில் முக்கித் திறந்தால் விரல் வெளியே வரவில்லை. குழியின் வாய் உள்ளே இருப்பதைவிட ஒடுங்கியிருந்ததால் மரத்தைக் கவ்விக்கொண்டது. கிழித்துத்தான் எடுத்தார். "உள்ள போறதுக்கு மட்டும் வழி வச்சிட்டேன், வெளிய வாறதுக்கு வைக்கல்ல" என்று தன்னைத்தானே திட்டிக்கொண்டு, குழியின் வாயை அகலமாக்கிக் குடைந்தார். அடுத்தது வெளியே வந்தது, ஆனால் என் விரலில் ஏறவில்லை. ஆறும்போது குட்டா சுருங்குகிறதாம். சுருங்கும் அளவைக் கூட்டி மறுபடி குடைந்தார். குட்டாவையும் திட்டினார்.

அதற்கடுத்து வந்தது பார், என்ன விரல்! நகம், நகத்தின் அடியில் வெள்ளைப் பிறை, கணுவின் சுருக்கம் எல்லாம் இருந்தது. குடைப்பிடிக்குப் போடுகிற மெருகும் போட்டிருந்தார். கல்யாணப் பெண்ணுக்குக்கூட அப்படி ஒரு விரல் வாய்க்காது. வழியெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே மலையேறினேன்.

மறுநாள் பனியில் நனைந்த கொழுந்தில் அது வழுக்கியது. வழுக்காத நேரத்தில் அந்த அழகான நகம் தண்டை அறுத்தது. நகம் பட்ட கொழுந்து சிவந்து போகும். கங்காணி அள்ளிப் பார்த்துத் தண்ணீர் வடியும் கானில் கொட்டினார். அடுத்த ஞாயிறு நான் கோபத்தோடு போனேன். என்னைவிட அவருக்குக் கோபம்.

"கொழுந்து கிள்ளுறதுன்னா நகத்தாலதானே?"

"இல்லீங்க நானா. விரல் சதையால முறிக்கிறது."

அவர் வாழ்நாளெல்லாம் தேயிலைக்கு நடுவில் இருந்தவர். கொழுந்து பறிப்பதைக் கிட்ட நின்று பார்த்ததில்லை. தோட்டத்துக்குள் வெளியாள் சும்மா வர முடியாது; சரக்கு மூட்டையோடு வந்து, கங்காணியைக் கண்டு சொல்லிவிட்டுத்தான் நுழையலாம். அந்த வாரமே கடையைச் சாத்திவிட்டுக் குடை மூட்டையோடு மலையேறி வந்தார். தலையில் கம்பளி போட்டுக்கொண்டு பறிக்கிறவர்களில் வேலை நேரத்தில் குடை வாங்க யார் இருக்கிறார்கள்? மழை பிடித்தது. மனிதர் அத்தனை குடை வைத்திருந்தும் ஒன்றை விரிக்கவில்லை. மலை ஓரத்தில் நனைந்துகொண்டு எங்கள் கைகளையே பார்த்தபடி நின்றார். என் கையை இவ்வளவு மதித்துப் பார்த்த ஆள் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

நகத்தை எடுத்துவிட்டார். மெருகையும் எடுத்துவிட்டுச் சதைப்பக்கம் சொரசொரப்பாக வார்த்தார். இப்போது கொழுந்து முறிந்தது, ஆனால் விரலும் விரலும் சரியாகப் பொருந்தாமல் ஒரு பக்கமாக நழுவியது. கூடை முக்காலுக்கு மேல் ஏறவில்லை. கிறிஸ்மஸும் கிட்ட வந்துவிட்டது. "திங்கக்கிழமை பார்த்து முடிவு சொல்லுறேன்" என்றார் கங்காணி.

அந்தத் திங்கட்கிழமை நல்ல குளிர். அம்மா தட்டுத்தடுமாறி, பால் விடாத தேத்தண்ணியான சாயத்தண்ணியைச் சுடச்சுட ஊற்றித் தந்தாள். டின் கோப்பையை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக் குடித்தேன். குளிருக்கு எல்லோரும் அப்படித்தான் பிடிப்போம். கோப்பையை வைத்தபோது குட்டா விரல் பிசைந்த மாவாக ஒரு பக்கம் சரிந்திருந்தது. காலையில் ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்புப் பறை அடிக்கத் தொடங்கினார்கள். ஆள் கணக்கெடுக்கும்போது நிற்காவிட்டால் அன்றைய பேரே கிடையாது. சரிந்ததை நிமிர்த்த நினைத்து அதே கை ஆள்காட்டி விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஓடினேன். பெரட்டு முடிகிற வரைக்கும் விடவில்லை. பனியில் அது அப்படியே இறுகிவிட்டது.

முதல் செடியில் கை வைத்ததும் தெரிந்தது. கொழுந்து நழுவவில்லை. என் ஆள்காட்டி விரல் பதிந்த பள்ளத்தில் அது வந்து உட்கார்ந்தது, முறிந்தது. அடுத்ததும் முறிந்தது. நான் பக்கத்து நிரைக்காரியைத் திரும்பிப் பார்க்கக்கூட இல்லை. நிறுவையில் கங்காணி என் கூடைக்குள் கையை விட்டு அடிவரை கிளறினார். சிவந்த கொழுந்து ஒன்றும் அகப்படவில்லை.

"முழுப் பேர்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை நானா அந்தக் கோணல் விரலைப் பார்த்து, "யார் இதைக் கெடுத்தது?" என்றார்.

"சாயத்தண்ணிங்க நானா."

நடந்ததைச் சொன்னேன். என் இரண்டு விரல்களையும் சேர்த்துப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். பள்ளத்தில் தன் விரலை வைத்துப் பார்த்தார். பிறகு உள்ளே போய், அத்தனை நாள் குடைந்து குடைந்து செய்த பலாக்கட்டை அச்சை எடுத்து வந்து அடுப்பில் வைத்தார். தன் கைவேலையைப் பற்றிப் பேசிப் பேசி ஊர்க் காதைப் புளிக்க வைத்த மனிதர், ஒரு வார்த்தை வாதாடாமல் அதை எரித்தார். அந்த இடத்தில்தான் எனக்கு அவர்மேல் மரியாதை பக்தியாகிவிட்டது.

"கழற்றித் தா. இதை வச்சுப் புது அச்சு எடுக்கணும்."

நான் தரவில்லை. பயம். ஒரு வாரம் இல்லாவிட்டால் என்ன ஆகும்?

"அப்ப இங்கேயே உட்காரு" என்றார்.

பலகையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். என் விரலை அளந்து அளந்து புதுக்கட்டையைக் குடைந்தார். சந்தைக் கூட்டம் கலைகிற நேரத்தில் அச்சைத் திறந்து, கோணலும் பள்ளமும் அப்படியே விழுந்த இன்னொரு விரலை என் உள்ளங்கையில் வைத்தார்.

"ஒண்ணு தொலைஞ்சா இது இருக்கு. ரெண்டும் தொலைஞ்சாலும் பயப்படாத. அச்சு இங்க இருக்கும், வந்து கேளு."

நான் கடைவீதியில் எல்லோரும் பார்க்க வாய்விட்டு அழுதேன். விரல் போனபோது அப்படி அழவில்லை. போன விரலுக்கு எங்கேயும் அச்சு இல்லை, அழுது பயனில்லை என்று எனக்குத் தெரியும். இந்த விரலுக்கு நானாவின் கடையில் அச்சு இருந்தது.