பட்டியலில் இல்லாத பொட்டலம்

பிஸ்கட் பாக்கெட்டை நீட்டினால் லேபிள் அக்கா உடனே எடுத்துக்கொள்ள மாட்டார். திருப்பிப் போட்டு அதன் முதுகைப் படிப்பார். கண்ணாடி மூக்கு நுனிக்கு வந்துவிடும். தயாரித்த தேதி, காலாவதி தேதி, உள்ளே என்னென்ன சேர்த்திருக்கிறார்கள் என்று எல்லாம் பார்த்து முடித்த பிறகுதான், "சரி, ஒண்ணு குடுங்க" என்பார். அதற்குள் நம் டீ ஆறிப்போயிருக்கும்.

மிளகு, சீரகம், மல்லி, மிளகாய் என்று கப்பலில் வரவழைத்துக் கடைகளுக்குக் கொடுப்பது அவர் தொழில். துறைமுகத்தில் அவருடைய நிஜப் பெயர் யாருக்காவது தெரியுமா என்பதே சந்தேகம்தான். நான் அவர் சரக்கை ஏற்றும் லாரிக்காரன். ஒன்பது வருடத்தில் தார்ப்பாய் சரியில்லை என்று என் லாரியை எத்தனை முறை திருப்பி அனுப்பியிருக்கிறார் என்று கேட்காதீர்கள், வயிறு எரிகிறது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். பூஞ்சை பிடித்தால் ஆய்வகத்தில் சரக்கு தேறாது. "கடல் தாண்டி நல்லா வந்ததை நீங்க பத்து கிலோமீட்டர்ல கெடுத்துராதீங்க தம்பி" என்பார்.

அவர் பயத்துக்குக் காரணம் உண்டு. தொழில் ஆரம்பித்த புதிதில், யாரோ அனுப்பிய மிளகாய்த்தூளில் சாயம் கலந்திருந்து, கன்டெய்னர் மொத்தமும் அழிக்கப்பட்டது. இன்னொரு முறை பெயர் கெட்டால் லைசென்ஸ் போய்விடும். அன்றிலிருந்து பட்டியலைவிட ஒரு மூட்டை கூடவோ குறையவோ இருந்தாலும் அவருக்குச் சோறு இறங்காது.

இவ்வளவு கறாரான மனுஷிக்குக் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரு தங்கை இருக்கிறாள். மூட்டை கட்டும் கிடங்கில் அவள்தான் மேற்பார்வை. இருவரும் நேரில் பார்த்துப் பதினொரு வருடம் ஆகிறது. இவர் கிளம்பினால் இங்கே தொழில் படுத்துவிடும். அவளுக்கு விசா கிடைக்கவில்லை. மத்தியானம் மூன்று மணிக்குப் போனில் பேசிக்கொள்வார்கள்.

"அக்கா, நம்ம வீட்டுத் தூள் கொஞ்சம் வறுத்து அரைச்சு அனுப்பட்டுமா?"

"ஆய்வு அறிக்கையோட அனுப்பு."

அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்கும். ஒருநாள் போனை வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மாசா மாசம் அவ கட்டின மூட்டை வருது. அவதான் வரமாட்டேங்கறா. ஏங்கிப் போயிட்டேன் தம்பி."

போன செவ்வாய்க்கிழமை மிளகாய்க் கன்டெய்னரைத் திறந்தோம். இரண்டாவது வரிசை மூட்டைகளுக்கு நடுவே ஒரு துணிப் பொட்டலம் செருகியிருந்தது. முடிச்சைப் பார்த்ததுமே அக்காவுக்குத் தெரிந்துவிட்டது. "பாவி, செஞ்சே போட்டா" என்று முணுமுணுத்தார். சுங்க அதிகாரி எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருந்தார்.

"பைக்குள்ள போடுங்கக்கா. யாரு பாத்தா?" என்றேன்.

"நான் பாத்துட்டேனே தம்பி."

ஆனாலும் உடனே அதிகாரியைக் கூப்பிடவில்லை. பொட்டலத்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றார். பார்க்க எனக்கே பொறுக்கவில்லை. பிறகு, "சார், பட்டியல்ல இல்லாத பொருள் ஒண்ணு இருக்கு" என்றார்.

அதிகாரி நல்ல மனிதர். "நீங்களே சொன்னதால சரக்குக்குப் பிரச்சினை இல்ல மேடம். இதை மட்டும் அழிச்சிரணும்" என்று படிவத்தை நீட்டினார். மதிப்பு என்ற கட்டத்தில் அக்காவின் பேனா நின்றுவிட்டது. "வணிக மதிப்பு இல்லைன்னு போடுங்க, எல்லாரும் அப்படித்தான் போடுவாங்க." அக்கா அப்படியே போட்டுக் கையெழுத்தும் இட்டார்.

"உள்ளே வேற ஒண்ணும் இல்லையே? பிரிச்சுக் காட்டிருங்க."

முடிச்சு அவிழ்ந்ததும் வறுத்த மல்லியும் மிளகாயும் கலந்த வாசனை கிளம்பியது. அக்கா மணிக்கட்டு வரை கையை விட்டுத் துழாவிக் காட்டினார். தேவைக்கு அதிகமாகவே துழாவினார் என்று எனக்குத் தோன்றியது. பொட்டலம் அதிகாரி நீட்டிய மஞ்சள் பைக்குள் போனது. பையை எரிக்க எடுத்துப் போனார்கள்.

வாசலில் குழாயும் சோப்பும் இருந்தன. அதிகாரியும் நானும் கை கழுவினோம். அக்கா குழாயைத் தாண்டி நடந்தார். வலது கையை இறுக மூடியபடியே, இடது கையால் காரின் கதவைத் திறந்தார்.