எலிக்கு உருட்டிய களி

எங்கள் மலை வீட்டில் காபி மூட்டைகள் வைக்கும் அறையில் எலித் தொல்லை. கடையில் வாங்கிய நீல நிற மருந்துக் கட்டியை எலிகள் முகர்ந்து பார்த்துவிட்டுப் போய்விட்டன. மனைவி அதைப் பொடித்து, மீந்த ராகிக் களியில் பிசைந்து, உருட்டித் தட்டில் வைத்தாள். எங்கள் நாய்க்குத் தினமும் காலையில் கிடைப்பதும் அதே களி உருண்டைதான். அன்று அறைக்கதவு சரியாகச் சாத்தவில்லை. நான் போய்ப் பார்த்தபோது தட்டு காலி. நாய் இன்னொன்று கிடைக்குமா என்று வாலாட்டியது.

வேலையில் இருந்தவரை விதிமுறைகளை அலுவலகத்தில் அமல்படுத்தினேன். ஓய்வுக்குப் பிறகு வீட்டில் அமல்படுத்துகிறேன். உடனே சேலத்துக் கால்நடை மருத்துவரை அழைத்தேன். உறையைப் பார்த்து மருந்தின் பெயரைப் படித்தேன். நாயின் எடையைக் கேட்டார். அதைச் சாக்கில் இறக்கி, காபிப் பழம் நிறுக்கும் தராசில் தொங்கவிட்டேன்.

"நாயி சாவக் கெடக்குது, இவுரு எடை போடறாரு," என்றாள் மனைவி.

எஸ்டேட்டில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அம்மா சொம்பு நிறைய உப்புத் தண்ணீரோடு வந்துவிட்டார். "ஏனுங்க, இதை ஊத்துங்க. எல்லாம் வெளிய வந்துரும்."

"வேண்டாங்க. உப்பே அதுக்கு வெசமாயிரும். வாந்தி எடுக்க வெக்கறது டாக்டரு வேலை," என்றேன்.

"டாக்டரு அடிவாரத்துக்கு அந்தப் பக்கமல்லவா இருக்காரு."

அதுதான் சிக்கல். மருந்து ரத்தத்தில் கலக்கும் முன் வந்துவிடுங்கள் என்றிருந்தார் மருத்துவர்.

வாடகைக் காரில் கிளம்பினோம். எங்கள் நாய்க்குக் கொண்டை ஊசி வளைவுகள் ஆகாது என்பதை நான் எந்த விதிமுறையிலும் படித்திருக்கவில்லை. பாதி மலை இறங்குவதற்குள் மனைவியின் மடியில் எல்லாவற்றையும் கொட்டியது. களிக்கு நடுவே நீலத் துகள்கள்.

"வந்துருச்சுங்க. ஊட்டுக்கே திரும்பிரலாங்க," என்றாள் மனைவி.

"எவ்வளவு உள்ளே இருக்குன்னு உனக்குத் தெரியுமா?" என்று கேட்டுவிட்டு, வாந்தியைப் பிளாஸ்டிக் பையில் அள்ளினேன். மருத்துவருக்குக் காட்ட வேண்டும்.

"அதையும் எடை போடுங்க," என்றாள்.

மருத்துவர் ஊசி போட்டு, நாயை மறுபடி வாந்தியெடுக்க வைத்தார். இன்னும் கொஞ்சம் நீலம் வந்தது. இந்த மருந்து சில நாள் கழித்துத்தான் உள்ளுக்குள் ரத்தம் கசிய வைக்கும், அதனால் சில வாரங்களுக்கு மாத்திரை தர வேண்டும், நடுவில் நிறுத்தக் கூடாது என்றார். மனைவி சேலையைப் பார்த்தபடி தலையாட்டினாள்.

மறுநாள் காலை, நாய் மாத்திரையைத் துப்பியது. மறுபடி வைத்தோம், மறுபடி துப்பியது. கடைசியில் மனைவி அதைப் பொடித்து, களியில் பிசைந்து, உருட்டிக் கொண்டுவந்தாள்.

நாய் முகர்ந்து பார்த்தது. அவள் முகத்தைப் பார்த்தது. பிறகு சாப்பிட்டது.