பள்ளத்தில் ஓப்பன் ஹவுஸ்

எழிலரசி அக்கா காரை நிறுத்தியதும் நேராகக் கடைக்குள் போகமாட்டார். முதலில் குனிந்து புறங்கையைத் தார்த்தரையில் வைப்பார். காய்ச்சல்காரப் பிள்ளையின் நெற்றியில் வைப்பதுபோல, விரல்களைச் சற்றே மடக்கி. ஓரிரு நொடிதான் தாங்கும். கையை ஊதிக்கொண்டே, அருகில் மரம் ஏதாவது இருந்தால் அதன் நிழலிலும் அப்படியே வைப்பார். "இங்க காய்ச்சல் எறங்கிருச்சு பாருங்க" என்பார், யாரிடம் என்றில்லாமல். மகள் ஓவியா, "அம்மா, பீப்பிள் ஆர் லுக்கிங்" என்று காருக்குள் சரிந்து ஒளிந்துகொள்வாள்.

அக்காவின் பிழைப்பே நிழல்தான். உடுமலைப் பக்கம் பிறந்து, கோவையில் கட்டடக்கலை படித்து, பிளானோவில் பெரிய கம்பெனி வளாகங்களுக்குப் புல்வெளி வரைந்துகொண்டிருந்தவர். கணவர் சபரி அண்ணாவுக்கு என் அலுவலகத்தில் வேலை கிடைத்ததும், எல் பாசோவுக்குக் கிழக்கே பாலைவனத்தைத் தின்று தின்று வளரும் எங்கள் ஊர் பாலோ சேக்கோவுக்குக் குடும்பம் வந்து சேர்ந்தது. இங்கே என்ன வேலை என்று யாராவது கேட்டால், "மொட்டைத் தலைக்குப் பூ வெச்சு விடறேனுங்க" என்பார்.

நகராட்சி அவரிடம் கொடுத்தது ஒரு வறண்ட ஓடை. ஊர்க்காரர்கள் அரோயோ என்பார்கள்; அக்காவுக்கு, உடுமலைப் பேச்சில், அது பள்ளம். வருடம் முழுக்க மணல். கோடையில் மழை கொட்டும் சில நாட்களில் மட்டும் எல்லாத் தெருத் தண்ணீரும் அதில் பாயும். அதைக் குறுக்கிக் கான்கிரீட் கால்வாய் ஆக்கிவிட்டு, மிஞ்சும் இடத்தில் ஒரு வரிசை வீடு கட்ட பில்டர் ஒருவர் அனுமதி கேட்டிருந்தார். அக்காவின் வரைபடத்திலோ பள்ளம் அகலமாக அப்படியே கிடந்தது: வெள்ளம் நின்று மண்ணில் இறங்க இடம், கரையெல்லாம் மெஸ்கீட் மரம், மற்ற நாட்களில் ஜனங்கள் நடக்க ஒரு பாதை.

மக்கள் கேட்டால் அப்படியே விடுகிறோம் என்றது நகராட்சி. மக்கள் கேட்கவில்லை. கருத்துக் கேட்க நடத்திய முதல் கூட்டத்துக்கு வந்த ஒரே மனிதர், பக்கத்து வீட்டு நாய் குரைப்பதைப் பற்றிப் புகார் சொல்ல வந்தவர். அடுத்த கூட்டம் பள்ளத்திலேயே. அதற்கும் ஆள் வராவிட்டால் கான்கிரீட்தான்.

இந்த மாதிரிக் கூட்டத்துக்கு இங்கே ஓப்பன் ஹவுஸ் என்று பெயர். அக்கா அவசரத்தில் எங்கள் தமிழ் வாட்ஸ்ஆப் குழுவில் போட்டது இவ்வளவுதான்: "சனிக்கிழமை காலைல பத்து மணிக்கு நம்ம ஓப்பன் ஹவுஸ். எல்லாரும் குடும்பத்தோட வந்துருங்க. டிஃபன் இருக்கு." கூடவே மேப்பில் இடம்.

எங்கள் ஆட்களுக்கு ஓப்பன் ஹவுஸ் என்றால் ஒன்றுதான். வீடு வாங்கியவர்கள் ஹோமமெல்லாம் முடித்துவிட்டு, இன்னொரு நாள் எல்லோரையும் கூப்பிட்டு வீட்டைச் சுற்றிக் காட்டுவது. நானும் இந்தியக் கடையில் ஒரு வாசல் தோரணம் வாங்கிக்கொண்டு போனேன்.

போனால், மணல். நடுவில் நகராட்சியின் நீலக் கூடாரம், ஒரு மேஜை, மார்த்தா என்கிற அதிகாரி. அதற்குள் கார்கள் வரிசையாக வந்து நின்றன. பட்டுப்புடவைகள் இறங்கின. பரிசுக் காகிதம் சுற்றிய பெட்டிகள் இறங்கின. யாரோ தொட்டியோடு ஒரு கறிவேப்பிலைச் செடியை இறக்கினார்கள். ஜலஜா ஆன்ட்டி குத்துவிளக்கைக் குழந்தைபோல் இடுப்பில் ஏந்தி, செருப்புக்குள் மணல் புகப் புக வந்தார்.

"கங்கிராட்ஸ் எழில்! பால் காய்ச்சியாச்சா?"

"என்ன பாலுங்க ஆன்ட்டி?"

"வீடு எங்கடி?"

அக்கா குத்துவிளக்கைப் பார்த்தார். கரையிறங்கும் கூட்டத்தைப் பார்த்தார். முகம் வெளிறியது. அழப்போகிறார் என்றே நினைத்தேன். ஆனால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு மணலிலேயே உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார்.

"ஐயோ சாமி, வீடு இல்லீங்க ஆன்ட்டி! பள்ளம்ங்க! பள்ளத்தக் காட்டத்தான் கூப்பிட்டேன்!"

"பட்டுப்புடவை கட்டிண்டு பள்ளம் பாக்கவா வந்தேன்?"

அங்கேயே திரும்பிப் போயிருப்பார்கள். மயக்க மருந்து டாக்டரான மகாதேவன் அங்கிள்தான் கையைத் தட்டினார். "நல்ல காத்தோட்டமான வீடும்மா. சீலிங் மட்டும் கொஞ்சம் ஹைட். இது ஹால். அந்தக் கள்ளிச்செடிகிட்ட பூஜை ரூம். எல்லாரும் செருப்பக் கழட்டிட்டு உள்ள வாங்க!"

"கழட்டுனா கால் பொரிஞ்சிரும் அங்கிள்" என்று அக்கா எழுந்தார். "அதுக்குத்தான மரம் கேக்கறேன்! எனக்கு மொய் வேண்டாம், கிஃப்ட் வேண்டாம். எங்கெங்க நெழல் வேணுமோ அங்க ஆளுக்கு ஒரு ஸ்டிக்கர் ஒட்டிட்டு இட்லி சாப்பிடப் போங்க."

மேஜைமேல் பள்ளத்தின் வரைபடம் விரிந்திருந்தது. மார்த்தா பச்சை வட்ட ஸ்டிக்கர்களை நீட்டினார். இத்தனை பேருக்கு நகராட்சி தயாராக வரவில்லை. கூட்டத்தில் பாதிப்பேர் ஒட்டுவதற்குள் தீர்ந்துவிட்டது. மார்த்தா கையை விரிக்க, ஜலஜா ஆன்ட்டி சற்றும் தயங்காமல் கைப்பையைத் திறந்து ஒரு ஸ்டிக்கர் பொட்டு அட்டையை எடுத்தார். அதைப் பார்த்து இன்னும் நாலைந்து கைப்பைகள் திறந்தன. மெரூன், கறுப்பு, கல் வைத்தது.

"பெருசு வெச்சா பெரிய மரம் வருமா எழில்?"

"வரும்ங்க ஆன்ட்டி, வெய்யுங்க!"

"கல்லு வெச்சதுக்கு?"

"பூப் பூக்கும்ங்க!"

வாங்கிய தோரணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் நின்ற என்னிடமிருந்து, மார்த்தாவே அதை வாங்கிக் கூடாரத்தின் முகப்பில் கட்டினார். அவர் நெற்றியிலும் அதற்குள் ஒரு பொட்டு ஏறியிருந்தது. பிள்ளைகள் மணலில் கிரிக்கெட் ஆட, கூட்டத்தைப் பார்த்து நடந்து வந்த அக்கம்பக்கத்துக்காரர்கள் சாம்பாரைக் குடித்துவிட்டு, தாங்களும் ஆளுக்கொரு பொட்டை ஒட்டிப் போனார்கள்.

நகரமன்றக் கூட்டத்தில் அந்த வரைபடத்தைச் சுவரில் மாட்டியபோது, பள்ளம் முழுக்க அம்மை வார்த்ததுபோல் இருந்தது. பச்சை சரி, இந்தச் சிவப்பெல்லாம் எதிர்ப்பா என்று ஓர் உறுப்பினர் கேட்டார். இல்லை, அது இன்னும் அழுத்தமான 'ஆமாம்' என்றார் மார்த்தா. சபை சிரித்தது. சிரித்த வாயோடு பள்ளத்தைத் திறந்தவெளியாகவே விட வாக்களித்தது. வெளியே வந்ததும் அக்கா ஓவியாவைக் கட்டிக்கொண்டார், மார்த்தாவைக் கட்டிக்கொண்டார், காரைத் திறந்துகொண்டிருந்த முன்பின் தெரியாத ஒருவரையும் கட்டிக்கொண்டார்.

போன வாரம் மதியச் சாப்பாட்டின்போது சபரி அண்ணாவிடம், "நீங்க எப்பண்ணா வீடு வாங்கப் போறீங்க?" என்று கேட்டேன்.

"இனிமேத்தான் தேடோணும்" என்றார், டிஃபன் டப்பாவை மூடிக்கொண்டே.

கால்வாய்க் கரையில் பில்டர் கட்டவிருந்த அந்த வரிசையில் ஒரு வீட்டை, இந்த வேலை அக்காவிடம் வருவதற்கு முன்பே அவர்கள் புக் பண்ணியிருந்தார்களாம். வேலையை ஏற்றுக்கொண்ட அன்றே அக்கா அதை நகராட்சியிடம் சொல்லிவிட்டார், எங்களிடம்தான் சொல்லவில்லை.